பெண்ணின் தகப்பனார் என்ன செய்கிறார்?

அம்பிட்டிய மேட்டில் வசிக்கும் ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்குத் தம் வாழ்நாளில் பதில் சொல்லத் தெரியாத கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கேள்வி ஒரு வியாழக்கிழமை பின்னேரம் குண்டசாலையிலிருந்து போனில் வந்தது.

"பொண்ணோட அப்பா என்ன செய்றாரு?"

கேட்டவர் சுவர்ணா என்னும் அம்மையார். அவருடைய மகன் ஜொனியும் ஸ்ரனிஸ்லாஸின் மகள் அனற்றும் கண்டி டவுனில் ஒரே மருந்துக் கடையில் எதிரெதிர்க் கவுண்டரில் நிற்பவர்கள். மாத்திரை எண்ணும் சாக்கில் ஒருவரையொருவர் பார்த்து, எண்ணிக்கை பிழைத்து, கடைக்காரரிடம் ஏச்சு வாங்கி, கடைசியில் விஷயம் இரண்டு வீட்டுக்கும் எட்டியிருந்தது. பிள்ளைகள் இருவரும் முறைப்படி சாப்பிடாமல் கிடந்து, பெரியவர்களும் முறைப்படி இரங்கி, பேச்சு இப்போது தகப்பனாரின் தொழிலில் வந்து நின்றது.

மனைவி மதலேனா போனைக் காதில் வைத்தபடி தகப்பனாரைப் பார்த்தாள். தகப்பனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தான் கண்ணாலும் கண்டிராத ஒரு பெரியவரின் மரணத்துக்காகக் கண்கலங்கி எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அடக்கம். அதற்குள் ஒப்படைக்க வேண்டும்.

"அவரு டவுன்ல... பிரின்டிங் பக்கம் இருக்காருங்க."

"அப்போ பிரஸ் சொந்தமா?"

"பக்கம்னுதானே சொன்னேன்."

"சரி, ஞாயித்துக்கிழமை வர்றோம். எங்க வீட்டுக்காரரு இதெல்லாம் நேர்ல விசாரிச்சுத்தான் முடிவு சொல்லுவாரு" என்று சுவர்ணா போனை வைத்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் எழுதுகிறவர். கதையோ கவிதையோ அல்ல. அவற்றை எழுதுகிறவர்களுக்குச் சமூகத்தில் மரியாதை உண்டு, காசு கிடையாது. இவர் காசுக்கு எழுதுகிறார், ஆகவே மரியாதை கிடையாது. காசும் சரியாகக் கிடைப்பதில்லை என்பது தனி விஷயம். அதை இங்கே கலக்க வேண்டாம். ஓய்வு பெறும் அதிபருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்துப்பா, சங்கத் தலைவரின் தலைமையுரை, கல்யாண மண்டபத்தில் மாமன்மார் பேசும் பேச்சு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து வாசிக்கும் இரங்கலுரை: கண்டியிலும் அதைச் சுற்றியும் தமிழில் யாராவது உருக்கமாகப் பேசிவிட்டால், அந்த உருக்கம் பெரும்பாலும் இவருடைய மூலை மேசையிலிருந்து புறப்பட்டதாகவே இருக்கும்.

அந்த மேசை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளிய சந்தில், அக்குறணை முஸ்லிமான அரூஸ் நானாவின் அச்சுக்கடையில், லெமினேட்டிங் இயந்திரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. வருகிறவர்கள் சட்டத்தின் விலையைக் கேட்பார்கள், மறுபேச்சில்லை. கண்ணாடியின் விலையைக் கேட்பார்கள், அதற்கும் தலையாட்டுவார்கள். வசனத்துக்கு என்று வந்ததும் முகம் மாறும்.

"வசனத்துக்குமா? ரெண்டு வரிதானே மாஸ்டர். அதுவும் தமிழ்ல. நமக்கும் தெரிஞ்ச பாஷைதானே."

நமக்கும் தெரிந்த உப்புத்தானே என்று சமையற்காரரிடம் யாரும் சொல்வதில்லை. ஆனால் ஸ்ரனிஸ்லாஸ் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆளில்லை. சொல்ல வேண்டுமென்றால் எழுத வேண்டும், எழுத வேண்டுமென்றால் யாராவது ஓடர் கொடுக்க வேண்டும். ஆகவே அரூஸ் நானாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பில்லில் எழுத்துக்கூலி என்று போடாமல் 'ஸ்பெஷல் லெமினேட்டிங்' என்று போட ஆரம்பித்தார்.

"எழுத்துக்கூலின்னு போட்டா கொறைக்கச் சொல்றாங்க மாஸ்டர். லெமினேட்டிங்னு போட்டா வாயப் பொத்திக்கிட்டுக் குடுக்குறாங்க. நான் என்ன செய்ய?"

இவ்விதமாக ஸ்ரனிஸ்லாஸ் கணக்கு வழக்கில் ஒரு வகைப் பிளாஸ்டிக்காகப் பதிவானார்.

வேலை முறையில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. செத்தவரின் வீட்டார் வந்தால் முதலில் உட்கார வைத்துப் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார். "நல்லவரா?" என்று கேட்கமாட்டார். நல்ல குணம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி. "எதுக்குக் கோபப்படுவாரு?" என்று கேட்பார். அங்கேதான் ஆள் வெளியே வருவார். அடுக்கிவைத்த பேப்பரை யாராவது கலைத்தால் கோபம், சோற்றில் தயிர் ஊற்றினால் கோபம் என்று சொல்லச் சொல்ல, சொல்கிறவர்களே சிரித்து, சிரித்த கையோடு அழுதுவிடுவார்கள். அந்த அழுகையை ஆறவிடாமல் எழுதிவிடுவார். அப்புறம் அவருக்கு இரண்டு விரதங்கள் உண்டு. தான் எழுதியது வாசிக்கப்படும் இடத்துக்குப் போகமாட்டார். தான்தான் எழுதினேன் என்று எவரிடமும் சொல்லமாட்டார், கட்டின மனைவியிடம்கூட. பாவசங்கீர்த்தனம் கேட்கும் சுவாமியாருக்கு அடுத்தபடியாகக் கண்டியில் இரகசியம் காப்பவர் அவர்தான். சுவாமியாருக்காவது தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை இரவு மதலேனா மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரைச் சொன்னாள். பற்றிக். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். "கோயில்ல பேசுவாரே, எல்லாரையும் அழவப்பாரே, அவருதாங்க!"

ஸ்ரனிஸ்லாஸின் முகத்தில் வெகுநாட்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு எழும்பியது.

பற்றிக் அவருடைய வாடிக்கையாளர். மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணன் இறந்தபோது முதன்முதலாக வந்தார். எழுதிக் கொடுக்கும் உரையில், வாசிக்கிறவர் எங்கே நிறுத்தி மூச்செடுக்க வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னச் சிலுவைக் குறி ஒன்று போட்டுக் கொடுப்பது ஸ்ரனிஸ்லாஸின் வழக்கம். பற்றிக்குக்கு மூச்சிளைப்பு உண்டென்பதால் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தார். குறி எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டார். பற்றிக் கோயிலில் எழுந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் சிலுவை வந்தது. கத்தோலிக்கர் சிலுவையைக் கண்டால் என்ன செய்வார்? நிறுத்தி, பக்தியோடு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அவர் வரைய, கோயிலே வரைந்தது. அடுத்த வரி, அடுத்த சிலுவை. பாதி உரைக்குள் முன் வரிசை அம்மாமார் தேம்பினார்கள். தமிழே தெரியாத பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமும் சேர்ந்து அழுதது.

மரியாதைக்குப் போய்க் கோயில் வாசலில் நின்ற அரூஸ் நானாதான் வந்து செய்தி சொன்னார். "என்ன மாஸ்டர் போட்டு வச்சீங்க? மனிசன் வரிக்கு வரி கையால என்னவோ செய்றாரு, முழுச் சனமும் செய்யுது. நானும் கூடச் சேந்து செஞ்சிருவேனோன்னு பயந்து ரோட்டுக்கு வந்துட்டேன்!"

அன்றிலிருந்து பற்றிக் பேச்சாளர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஜெபம் சொல்லிப் பேசும் பக்திமான் என்று பெயர் பரவி, இரண்டு சங்கத்துக்குத் தலைவராகி, குண்டசாலைப் பக்கம் அவர் பேசாத கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. எல்லாம் மூலை மேசைச் சரக்கு. அச்சுக்கடையில் எல்லாரும் ஸ்ரனிஸ்லாஸை மாஸ்டர் என்றே கூப்பிடுவதால், மாஸ்டருக்கு ஒரு பெயரும் வீடும் மகளும் இருக்கக்கூடும் என்று பற்றிக் நினைத்துப் பார்த்ததில்லை.

"என்ன சிரிப்பு? உங்கள என்னன்னு சொல்றதுன்னு தெரியாம நான் மண்டயப் பிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள் மதலேனா.

"உள்ளத உள்ளபடி சொல்லு. அந்த மனுசனுக்கு விளங்கும்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். என் தொழிலின் பெறுமதி தெரிந்தவன் இந்த மாவட்டத்திலேயே ஒருவன்தான், அவனே சம்பந்தியாக வருகிறான் என்று அவருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக்காகச் சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை குண்டசாலைக் கார் வந்தது. சுவர்ணா இறங்கினார், ஜொனி இறங்கினான், பற்றிக் இறங்கினார். வாசற்படியில் கால் வைத்தவர், "வாங்க, வாங்க" என்று நின்ற ஸ்ரனிஸ்லாஸைக் கண்டதும் வைத்த காலை எடுக்க மறந்துபோனார். அவர் முகம் என்னென்னவோ நிறத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

"முதல் தடவையா சந்திக்கிறோம்" என்றார் பற்றிக், கையை நீட்டி.

ஸ்ரனிஸ்லாஸ் அந்தக் கையைக் குலுக்கினார். விரதம் விரதம்தான். "ஆமாங்க, முதல் தடவை" என்றார்.

கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அனற் பொரித்த பெட்டிசும் பிளேன்டீயும் கொண்டுவந்தாள். பற்றிக் மெல்லத் தைரியம் பெற்று, அண்ணனுடைய அடக்கத்தில் தான் பேசியதில் இரண்டு வரியை எடுத்துவிட்டார். "அடுத்தவருக்கு வெயிலில விரிச்ச குடைய மழையிலயும் மடக்கத் தெரியாதவர் என் அண்ணன்..."

மதலேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன அருமையா பேசுறீங்க! எங்க வீட்டிலயும் ஒருத்தர் இருக்காரே, வாயத் தொறந்தா கொட்டாவிதான்."

ஸ்ரனிஸ்லாஸ் அந்த வரிக்காக ஒரு முழு ராத்திரி விழித்திருந்தவர். பெட்டிசைக் கடித்தார்.

"அப்போ, நீங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டார் பற்றிக், சுவரைப் பார்த்து.

"எழுதுறேன்."

"நல்லது. அது ஓய்வு நேரத்தில. தொழில்?"

"அதுதாங்க தொழில்."

சுவர்ணா கபடமில்லாமல் கேட்டார்: "எழுதுறதுக்கெல்லாமா காசு குடுக்கிறாங்க? எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் தானே எழுதிக்கிறாரே. கதவச் சாத்திக்கிட்டாருன்னா அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டு வந்துடுவாரு. அது என்ன பெரிய வேலையா?"

பற்றிக் சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்தில் எதையோ தேடினார். அனற் தட்டைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் எதிரே இருக்கும் மனிதர் மனைவி மகன் முன்னால் ஒன்றுமில்லாமல் போவார். மகளின் கல்யாணமும் கூடவே போய்விடும். சொல்லாவிட்டால் தான் வேலை வெட்டியில்லாதவன். கல்யாணம் அப்படியும் போகும். எத்தனையோ பேருக்கு எத்தனையோ இக்கட்டில் வார்த்தை கண்டுபிடித்துக் கொடுத்த ஸ்ரனிஸ்லாஸ் தனக்கென்று தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"உள்ள புழுக்கமா இருக்கு, கொஞ்சம் வெளிய போவோமா?" என்று பற்றிக் எழுந்தார்.

முற்றத்துப் பட்டர்புரூட் மரத்தடியில், வீட்டுக்குள் கேட்காது என்று நிச்சயமானதும் பற்றிக் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நான் உங்கள மதிக்கலன்னு மட்டும் நெனச்சிராதீங்க. கண்டியில உங்கள மாதிரி எழுதுறவன் கெடையாது. அதுதான் சிக்கல்."

"அதில என்ன சிக்கல்?"

"சம்பந்தி எழுதுறவருன்னு வெளிய தெரிஞ்சா ஊர் சும்மா இருக்குமா? கூட்டிக் கழிச்சுப் பாத்துரும்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேனே."

"நீங்க சொல்லமாட்டீங்க. நீங்க இருக்கிறதே போதுமே! ஒவ்வொரு கூட்டத்திலயும் முன் வரிசையில நீங்க உக்காந்திருக்க, நான் எப்பிடி வாயத் தொறக்கிறது?"

ஸ்ரனிஸ்லாஸ் கையை விடுவித்துக்கொண்டார். "எழுதிப் பொழைக்கிறது அவ்வளவு கேவலமாங்க?"

"கேவலம்னு யாரு சொன்னா? லேசுன்னு நெனைக்கிறாங்க. எனக்கு அது லேசாவே இருந்துட்டுப் போகட்டும் மாஸ்டர். எனக்கு லேசா வருதுன்னுதானே ஊர் கும்புடுது. கஷ்டமான வேலைன்னு தெரிஞ்சா, இவனுக்கு எப்பிடி வந்ததுன்னு கேக்கமாட்டாங்களா?"

இதைவிடப் பெரிய பாராட்டை ஸ்ரனிஸ்லாஸ் தம் தொழிலில் பெற்றதில்லை. மரத்தடியில் கிடைத்தது, மரத்தடியிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது.

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"மேனேஜர்."

"எதுக்கு?"

"எதுக்காவது. கொழும்பில ஒரு பிரைவேட் கம்பனி. ரிட்டையர் மேனேஜர். கண்டியில யாரு போய்ப் பாக்கப் போறா? வீட்ல நானே சொல்லிக்கிறேன், தன்னடக்கத்தில நீங்க எழுதுறேன்னு மட்டும் சொன்னீங்கன்னு." பற்றிக் குரலைத் தாழ்த்தினார். "ரிசப்ஷன்ல நான்தான் பேசணும். உங்களப் பத்தி நல்லா ரெண்டு பந்தி எழுத்து வரணும். நீங்களே எழுதிருங்க. சிலுவைய விட்டுறாதீங்க, அது இல்லாம எனக்குப் பேச்சு ஓடாது. அப்புறம்... காசு விஷயம். இனி சொந்தமாகிட்டோம். சொந்தக்காரருக்குக் காசு குடுத்தா உங்கள அவமதிச்ச மாதிரி ஆகிடும், இல்லியா?"

ஜன்னல் வழியே அனற் தெரிந்தாள். ஜொனி ஏதோ சொல்ல, இத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்த பெண் பெட்டிஸ் தின்றுகொண்டே சிரித்தாள்.

"எத்தனை நிமிஷம் பேசணும்?" என்று கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ்.

மதலேனா மேனேஜர் செய்தியைக் கேட்டதும் கன்னத்தில் கை வைத்தாள். "இது எனக்கு அன்னிக்குப் போன்லயே தோணலியே! பிரின்டிங் பக்கம்னு உளறி வச்சேனே!" அனற் மட்டும் இரவில் வந்து, "அப்பா, உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டாள். "பதவி உயர்வுக்கு யாராவது வருத்தப்படுவாங்களா?" என்றார் தகப்பனார்.

பின்பு மூலை மேசையில் அந்த உரையை எழுத உட்கார்ந்தார். பழிவாங்கும் எண்ணத்தில் மோசமாக எழுதுவதென்றே தீர்மானித்திருந்தார். கை கேட்கவில்லை. மேனேஜர் எதற்குக் கோபப்படுவார் என்று யோசித்தார். காவலாளிக்குச் சாப்பாடு போனதா என்று கேட்காமல் தான் சாப்பிட்டால் தன் மேலேயே கோபம் என்று எழுதினார். கம்பனி கொடுத்த காரை ஒரு தொழிலாளியின் பிரசவத்துக்குக் கொடுத்துவிட்டு மழையில் நடந்தார் என்று எழுதினார். பழக்க தோஷத்தில் 'அன்னார்' என்று வந்துவிட்டது. அது இறந்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. அடித்துவிட்டு, அப்படியொன்றும் பிழையில்லையே என்று ஒரு கணம் நினைத்தார். கடைசியில், யாருக்கும் தெரியாமல், 'எழுத்திலும் வல்லவர்' என்று ஒரு வரியைச் செருகினார்.

அரூஸ் நானா வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "யாரு மாஸ்டர் இந்த மேனேஜர்? இப்பிடி ஒரு மனிசனுக்குக் கீழ வேல செஞ்சிருக்கணும்."

பற்றிக் வாசித்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டார். அந்த ஒரு வரியை மட்டும் பென்சிலால் வெட்டினார்.

ரிசப்ஷன் குண்டசாலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தன் எழுத்து வாசிக்கப்படும் இடத்துக்குப் போவதில்லை என்ற விரதம் அன்றைக்கு உடைந்தது. பெண்ணின் தகப்பன் எங்கே போய் ஒளிவது? மேடைக்கு அருகே, கழுத்தை அறுக்கும் டையோடு உட்கார்ந்து, அந்த மேனேஜரைப் பற்றி முழுவதும் கேட்டார். பற்றிக் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். மழையில் நடந்த இடத்தில் மண்டபம் மூக்கை உறிஞ்சியது. அந்த மேனேஜர் தன்னைவிட எவ்வளவோ மேல் என்று ஸ்ரனிஸ்லாஸுக்கே பட்டது. முடிந்ததும் சனம் எழுந்து கைதட்டிப் பற்றிக்கைச் சூழ்ந்துகொண்டது. "உங்களுக்கு எப்பிடிங்க இப்பிடி வார்த்தை விழுது?" "அது தானா வருது" என்றார் பற்றிக், அடக்கத்தோடு.

சாப்பாடு நடக்கையில் ஒரு மெலிந்த மனிதர், கையில் பிளாஸ்டிக் பைலோடு, ஸ்ரனிஸ்லாஸின் கதிரைக்கு அருகில் வந்து நின்றார். தம் பெயர் வீரய்யா என்றும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து உறவு என்றும் சொன்னார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. நல்ல நாள்ல தொந்தரவு. சம்பந்தி பேசினதக் கேட்டதும் நெஞ்சு அடச்சிருச்சு. தொழிலாளிக்குக் கார் குடுத்தவருன்னா எங்க கஷ்டம் விளங்கும்னு வந்தேன். மூத்தவன் அக்கவுன்டிங் படிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருக்கான். உங்க பழைய கம்பனியில ஒரு வார்த்தை..."

ஸ்ரனிஸ்லாஸ் மேடையைப் பார்த்தார். அனற் சிரித்தபடி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். பற்றிக் தூரத்திலிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வெலகி ரொம்ப நாளாச்சுங்களே" என்றார்.

"உங்க பேரப் போட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பினாலே போதும் சேர். அவனே ரெண்டு மூணு எழுதிப் பாத்தான், சரியா வரல. வராது சேர். எல்லாரும் என்னமோ கடுதாசி எழுதுறது லேசுங்கிறாங்க. கொழுந்து எடுக்கிறது, செடிக்குக் கவ்வாத்து வெட்டுறது மாதிரி அதுவும் பழகின கைக்குத்தான் வரும். நான் சும்மா கேக்கல, கூலி குடுக்க ரெடி. அதுக்குன்னு ஒரு ஆள் இருந்தா சொல்லுங்க சேர்."

இத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அதை மேனேஜருக்குச் சொல்லிவிட்டு மனிதர் பதிலுக்கு நின்றார்.

"டவுன்ல, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட ஒரு அச்சுக்கடை இருக்கு. அரூஸ்னு ஒருத்தர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அங்க மூலையில ஒரு ஆள் உக்காந்திருப்பாரு." சொன்ன பிறகுதான் அந்த மூலையில் உட்காரப் போவது யாரென்று அவருக்கு உறைத்தது.

"நல்லா எழுதுவாரா சேர்?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

வீரய்யா இரண்டு கையையும் கூப்பினார். "பெரிய உதவி சேர். திங்கக்கிழமை கடை தொறக்கிறப்பவே போயிடுறேன். நீங்கதான் அனுப்பினீங்கன்னு அவருகிட்டச் சொல்றேன்."